இருபத்துநாலில் ஒன்று குறைந்தது

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு 'ரிப்பீட் அக்கா' என்று பெயர். ஒரு சாம்பிளில் மயிரிழை சந்தேகம் வந்தால் போதும், மறுபடி போடு என்பாள். மறுபடியும் சந்தேகமென்றால் ஆளையே திரும்ப வரவழைத்து இன்னொரு கையில் ஊசி குத்துவாள். குத்து வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள். அடுத்த தடவையும் அவளைத் தேடித்தான் வருவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட ரிசல்ட் ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கூச்சமும் கிடையாது. உண்மையைச் சொல்ல எதற்குக் கூச்சம்?

நிலையத்து வேனை ஓட்டுகிற, அவளைவிட ஆறு வயது மூத்த வேன்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணே என்பாள். இந்தக் கணக்கு எப்படி என்று யாரும் கேட்டதில்லை.

இந்த அக்காவுக்கு ஒரு பலவீனம், புத்தகம் வாங்குவது. வாங்குவாள், முகர்ந்து பார்ப்பாள், அலமாரியில் வைப்பாள், பல சமயம் அதோடு சரி. வேலை, வீடு, சமையல் என்று தலைக்கு மேல் கிடக்கும்போது படிப்பதற்கு நேரம் எங்கிருந்து வரும்? அப்படிச் சேர்ந்தவைதான் படிக்காத புத்தகங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், டீ குடிக்கும் மூலையில் அவளே ஆரம்பித்து வைத்தாள்: வீட்டில் படிக்காமல் கிடப்பதை எழுதி ஒட்டு, டிசம்பர் முடிவதற்குள் படித்து முடி. எழுதினது முடிகிறவரை புதிதாக ஒன்றுகூட வாங்கக் கூடாது. முடித்த புத்தகத்தின் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். முதல் வருஷம் ஏழு பேர் சேர்ந்தார்கள். மார்ச்சுக்குள் நாலு பேர் நழுவிவிட்டார்கள். மூன்றாம் வருஷமும் இதே கூத்து. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பயம் இல்லாததுதான் காரணம்," என்றாள் இந்த வருஷ ஜனவரியில். "எழுதிக் கொடுத்ததை முடிக்கலேன்னா, அவங்க வீட்டு அலமாரிப் புத்தகம் மொத்தமும் நம்ம வெயிட்டிங் ஹாலுக்கு வந்துடணும். வர்றவங்க போறவங்க எல்லாம் படிக்கட்டும்."

"மொத்தமுமா?" என்று கேட்டாள் கவுன்டரில் இருக்கும் பெண். காலையில் எண் கூப்பிட ஆரம்பித்தால் மதியம் வரை நிறுத்த மாட்டாள் என்பதால் அவளுக்கு டோக்கன் என்று பெயர்.

"மொத்தமும்."

சொன்ன சூட்டோடு தன் பட்டியலை டீ மூலையில் இருந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். இருபத்துநாலு. அவள் வீட்டில் இருந்த படிக்காத புத்தகங்கள் அத்தனையும் அதில் இருந்தன, ஒன்று மிச்சமில்லை. டோக்கன் ஐந்து எழுதினாள். வேன்காரர் பன்னிரண்டு எழுதிவிட்டு, எழுதின கையையே திகிலோடு பார்த்தார். மற்றவர்கள் தண்டனையைக் கேட்டதும் டீயைக் குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

அக்கா நேரம் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். எடுத்த ரத்தத்தைக் குழாய் குழாயாக அடுக்கிச் சுற்றும் மெஷினில் போட்டால், தெளிந்த நீர் மேலே பிரிந்து வரப் பத்து நிமிஷம் ஆகும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் மெஷினைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கை கழுவி, கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். ஒரு சுற்றுக்கு ஏழு பக்கம். ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. கொலைகாரன் கத்தியை ஓங்கும் இடத்தில் மெஷின் கீ கீ என்று கத்தும். ஓங்கியது ஓங்கியபடியே இருக்க, அவள் எழுந்து போய்விடுவாள்.

மார்ச் மாதத்தில் ஒரு வழக்கு வந்தது. வேன்காரர் தன் பட்டியலில் நாலாவது புத்தகத்தை எடுத்து இருபது பக்கம் போனதும், இதை முன்னமே ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிப் படித்திருக்கிறோம் என்று ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளை மனசுக்காரர், வந்து சொல்லிவிட்டார்.

"அப்ப அது படிக்காத புத்தகம் இல்ல அண்ணே. கண்ணு ஓடிட்டா படிச்சதுதான்," என்றாள் அக்கா.

"சரிக்கா. அப்ப என் லிஸ்ட்டு பதினொண்ணுன்னு வச்சுக்குங்க."

"எழுதினது எழுதினதுதான். பன்னெண்டுன்னா பன்னெண்டு. வீட்டுல படிக்காதது வேற ஏதாச்சும் இருந்தா அதைப் படிங்க."

அவர் வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, யாரோ எப்போதோ கொடுத்த, தேனீ வளர்ப்பு பற்றிய நானூறு பக்கப் புத்தகம். மனிதர் அதையும் படித்தார். அன்று முதல் வேனில் ஏறினவர்கள் யாரும் ராணித் தேனீயைப் பற்றிக் கேட்காமல் இறங்க முடியவில்லை.

இப்படிக் கறாராக இருந்ததால்தான் அந்தப் பட்டியலுக்கு ஒரு மதிப்பு வந்தது. ஆகஸ்டில் அக்கா பதினைந்தை முடித்தாள். அக்டோபரில் பத்தொன்பது. நிலையத்தை நடத்தும் டாக்டரம்மாவே ஒரு நாள் அலமாரிக் கதவைத் திறந்து பட்டியலைப் பார்த்துவிட்டு, "இத்தனையும் நம்ம மெஷின் சுத்துற நேரத்துலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்காவின் நடையே தனி. வீட்டிலும் அப்படித்தான். அவள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். பள்ளிக்கூடத்தோடு புத்தகத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஒயர் படம் இல்லாத எதையும் அதற்கப்புறம் படித்ததில்லை. ஆனால் பெருமையில் குறைச்சல் இல்லை. ஏசி கழற்றப் போகிற வீடெல்லாம், "எங்க வீட்டம்மா இந்த வருஷம் பத்தொன்பது புத்தகம் முடிச்சிருக்கா," என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்குரூவைக் கழற்றுவார்.

இருபத்துமூன்று முடிந்தபோது டிசம்பரில் பன்னிரண்டு நாள் பாக்கி. கடைசிப் புத்தகம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆற அமரப் படித்தாலும் முடிந்துவிடும். டோக்கன், முப்பத்தொன்றாம் தேதி கேக் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தேழு பக்கம் வரை ஒன்றுமில்லை. ஒரு சின்ன ஊருக்கு வரும் புது ஸ்டேஷன் மாஸ்டரின் கதை. முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினாள். கீழ் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். வால் நீண்டு, நுனியில் ஒரு புள்ளி. அந்த டிக் யாருடையது என்று அந்தக் கட்டிடத்தில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சரிபார்த்த ஒவ்வொரு ரிசல்ட்டிலும் அக்கா போடுகிற டிக் அது.

அடுத்த பக்கத்திலும் ஒரு டிக். அதற்கடுத்ததிலும். கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓடவிட்டாள். முடிவு வரை டிக் தான். கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'கண் திறந்தார். மாலை 4.10.'

மெஷின் கத்தியது. அவள் எழுந்திருக்கவில்லை. டோக்கன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, மெஷின்," என்றாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் மூன்றாம் மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்டும்போது ஏணி சறுக்கிக் கீழே விழுந்தார். பதினோரு நாள் நினைவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பதினோரு நாளும் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் ஏதோ வைத்திருந்தது மட்டும் மங்கலாக ஞாபகம். அது இந்தப் புத்தகம்தான் போலிருக்கிறது. படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம் என்று தெரிந்ததும், முடித்த பக்கத்துக்கு டிக் போட ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம் நாத்தனார் ஆஸ்பத்திரிச் சாமானை எல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இதையும் அலமாரியில் சொருகியிருக்க வேண்டும். கதையில் ஒரு வரிகூட அவளுக்கு நினைவில்லை. அந்த நாட்களைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. யாராவது எடுத்தால், "அந்தச் சமயத்துல," என்று ஆரம்பித்து, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடுவாள்.

மறைப்பது ரொம்பச் சுலபம். பென்சில்தானே? மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது டோக்கனின் மேஜையிலிருந்து அழிரப்பரை எடுத்தாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒன்றை அழித்தும் பார்த்தாள். சுத்தமாகப் போய்விட்டது. இன்னும் இருநூற்றுச் சொச்சம். ரெண்டு மதியத்தில் முடித்துவிடலாம். கதையைப் படித்துச் சொல்லிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவளுடைய புத்தகங்கள், அவளுடைய அலமாரி, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்கினது. அதைக் கண்டவர் கைபட ஹாலில் வைப்பதா?

அழிரப்பரை டோக்கனின் மேஜையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்து, அழித்த இடத்தில் அதே டிக்கை, அதே வாலோடு, அதே புள்ளியோடு மறுபடி போட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் புத்தகத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். எல்லாவற்றையும் அல்ல, முன்னமே படித்துவிட்டேன், டிக் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் படித்தது, அவ்வளவுதான்.

"ஒரு வரிகூட ஞாபகம் இல்லைங்கறீங்க," என்றாள் டோக்கன். "அப்ப அது எப்படிக்கா படிச்சதாகும்?"

"கண்ணு ஓடியிருக்கு."

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க," என்று வேன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மார்ச்சில் அவளால் தேனீயோடு மல்லுக்கட்டினவர். இன்றைக்குப் பழி தீர்க்கப் போகிறார் என்றுதான் டோக்கன் நினைத்தாள். "நான் என் புத்தகத்தைப் படிச்சப்ப நல்லா கால் நீட்டிப் படுத்துக்கிட்டுப் படிச்சேன். நீங்க படிச்சது அப்படியா? உள்ள புருஷன் கிடக்குறப்ப வெளிய உக்காந்து புரட்டினதெல்லாம் படிப்புல சேராது. என் கேஸு வேற, உங்க கேஸு வேற."

"அண்ணே, உங்களுக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா? இருபத்துநாலுன்னு எழுதினேன். இருபத்துமூணுதான் ஆச்சு. மாத்திக்க வீட்டுல வேற புத்தகம் இல்ல. புதுசு வாங்கக் கூடாது. முடிஞ்சுது."

"நீங்களே போட்ட ரூலுதானே. நீங்களே மாத்துங்க."

"நான் போட்டதுங்கறதாலதான் மாத்த மாட்டேன்."

அக்கா புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டாள். முன்வைத்த காலைப் பின்வைக்காத ஜாதி. டோக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேன்காரர் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பத்தொன்பது வருஷமா நீங்க கொடுக்கிற ரிசல்ட்டை ஜனங்க ஏன் நம்புறாங்கன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது," என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். தோற்றவள் மாதிரியே இல்லை. நிமிர்ந்து போய் மெஷினைத் திறந்தாள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் காலை வேன் அவள் வீட்டு வாசலில் நின்றது. வீட்டுக்காரரும் வேன்காரரும் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக ஏற்றி, நிலையத்தின் ஹாலில் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்த இருபத்துநாலு மட்டுமல்ல, அதற்கு முன் படித்ததும் சேர்த்து நூற்றுப் பதினேழு. வீட்டுக்காரர் ஹால் சுவரில் தானே டிரில் போட்டு மூன்று பலகை அடித்தார். அடிக்கும்போது உட்கார்ந்திருந்தவர்களிடம், "எல்லாம் எங்க வீட்டம்மா படிச்சது. ஒண்ணு விடாம படிச்சது," என்று சொன்னார். சுகர் டெஸ்டுக்காகப் பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். அக்கா தலைப்பு தெரிய, நேராக, ஒரே உயரத்தில் அடுக்கினாள். காலியான வீட்டு அலமாரியைப் பார்க்க அன்று அவளுக்கு மனமில்லை, அதன் பக்கம் போகவேயில்லை. ஆனால் மறுநாள் காலை ஒரு ஆள் தன் எண்ணை மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாமல் படித்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தபோது, மார்பு நிறைந்துவிட்டது.

அந்த வார முடிவில் வீட்டுக்காரர் வேலை முடிந்து கருவிப் பையோடு ஹாலுக்கு வந்தார். டிக் விஷயம் வேன்காரர் மூலம் காதில் விழுந்திருக்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் புத்தகத்தைத் தேடி எடுத்து ஓர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சார், டெஸ்டா? டோக்கன் போடட்டுமா?" என்று கேட்டாள் டோக்கன், தெரியாதவள் மாதிரி.

"இல்லம்மா. புத்தகத்துக்கு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னா உங்கக்கா விடமாட்டேங்கறா. ரூலாம்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். விரல் வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு நாளைக்கு ஆறு பக்கம், ஏழு பக்கம். அக்கா கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பாள். எதற்கு இந்தப் புது வழக்கம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கொஞ்சம் பயம்.

நாலாவது வாரம், ஹால் காலியான பிறகு, அவர் தடுப்பைத் தட்டினார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"எல்லாப் பக்கத்துலயும் ஒரு டிக். இங்க மட்டும் மூணு இருக்கு." நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தை நீட்டினார். "அன்னிக்கு என்ன ஆச்சு?"

"அடுப்புல..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. அங்கே அடுப்பு எங்கே இருக்கிறது? அவள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஹால் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஆறாவது நாள் காலையில டாக்டர் வெளிய வந்தாருங்க," என்றாள். "இனி எங்க கையில ஒண்ணும் இல்ல, சொல்ல வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்கன்னாரு."

"யாருக்குச் சொன்னே?"

"யாருக்கும் சொல்லல. உங்க தங்கச்சி வந்தா, அவகிட்டகூடச் சொல்லல. சொன்னா நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. இந்தப் பக்கத்தைப் படிச்சேன். ஏறல. மறுபடி படிச்சேன். பக்கத்தைத் திருப்பினா அடுத்தது ஏதாச்சும் நடந்துடுமோன்னு பயமா இருந்துச்சு. மூணாவது தடவையும் படிச்சுட்டு, என்ன ஆனாலும் ஆகட்டும்னு திருப்பினேன்."

அவர் அந்த மூன்று டிக்கையும் விரலால் தடவினார். பிறகு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"ஸ்டேஷன் மாஸ்டர் கடைக்குப் போய்க் குடை வாங்குறாரு. மொதக் குடை பிடிக்கல, ரெண்டாவது குடை வாங்குறாரு. அவ்வளவுதான். இதைப் போயி மூணு தடவை படிச்சிருக்கே."

அவள் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கவுன்டரில் இருந்த டோக்கன், ஏதோ வேலை இருப்பது மாதிரி ரசீதுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"எல்லாரும் என்னைத்தான் சொல்வாங்க," என்றார் அவர். "சாவோட சண்டை போட்டு ஜெயிச்சு வந்தவன்னு. ஒன்பது வருஷமா நானும் ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டிருக்கேன். நான் சும்மா படுத்துதானே கிடந்தேன்? சண்டை போட்டது நீதான்."

வேறு நாளாக இருந்தால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து போயிருப்பாள். அன்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"ஆமா," என்றாள். "நான்தான் போட்டேன்."